முப்பது பர்சென்ட் நீங்க சார்!

தை மாசம், ராத்திரி ஏழரை மணி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ரோட்டில் பைக்கில் போகிறீர்கள். எதிரே வருகிற பஸ் கண்ணில் வெளிச்சத்தை அடிக்கிறது. அது போன மறு நொடி, முன்னால் ஒரு இருட்டு நிற்கிறது. இருட்டு இல்லை சார், டிராக்டர் டிரெய்லர்! நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்து க்யூவில் நிற்கிறது. பின்னால் சிவப்பு லைட் இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்குகிறது.

டமால்!

ஊர் கூடிவிடும். "கண்ணு தெரியலையா?" என்று ஒரு கோஷ்டி, "லைட்டு போடாம நிறுத்துனது யாரு?" என்று இன்னொரு கோஷ்டி. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் இதே பட்டிமன்றம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து, "முப்பது பர்சென்ட் தப்பு இவர் மேலதான்" என்பார்.

முப்பதுதானே என்று விட்டுவிடாதீர்கள். நான் பி.காம்., கணக்குப் போட்டே காட்டுகிறேன். 28 வயசு, கல்யாணமாகாத பையன், மாதச் சம்பளம் 15,000. உயிரே போய்விட்டது என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவிகிதம் கூட்டு; இது 2017-ல் சுப்ரீம் கோர்ட் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னது. 2,52,000 ஆச்சு. பிரம்மச்சாரி தன் செலவுக்கே பாதியை எடுத்துக்கொள்வான் என்று கழித்தால் 1,26,000. அந்த வயசுக்கு 17-ஆல் பெருக்கு. இது 2009 சரளா வர்மா வழக்கின் அட்டவணை. 21,42,000 ரூபாய். அதில் முப்பது பர்சென்ட் 6,42,600! பையனை இழந்த அம்மாவிடமிருந்து ஒற்றை வரியில் கழிகிற தொகை இது.

ஒரு காலத்தில் இதைவிடக் கொடுமை. இங்கிலாந்தில் 1809-ல் ரோட்டின் குறுக்கே ஒருத்தன் கழி போட்டான். வேகமாகக் குதிரையில் வந்தவர் மோதி விழுந்தார். நீயும் கவனிக்கவில்லை என்று சல்லிக்காசு கிடையாது! 1842-ல் ஒரு கழுதை வந்துதான் நிலைமை கொஞ்சம் மாறியது. முன்னங்காலைக் கட்டி ரோட்டில் விட்டிருந்த கழுதை மேல் வண்டி ஏறிவிட்டது. கட்டிவிட்டது தப்புதான், ஆனாலும் வண்டிக்காரன் பார்த்து ஓட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று சொந்தக்காரர் பக்கம் தீர்ப்பு. ஆளுக்கு எத்தனை பங்கு தப்பு என்று பிரிக்கும் சட்டம் அங்கே 1945-ல்தான் வந்தது.

நம்மூர் டிரெய்லருக்கு வருவோம். 2018-ல் இதே மாதிரி ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. லைட் இல்லாமல் ரோட்டில் நின்ற காஸ் டேங்கரில் ஒரு கார் மோதிவிட்டது. எதிர் வண்டி வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை. ஹைகோர்ட் ஆளுக்குப் பாதி என்றது. சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளி, முழுத் தப்பும் டேங்கர் மேல் என்றது. ஆகவே போலீஸ் வரைபடத்தில் 'பின் விளக்கு இல்லை' என்ற மூன்று வார்த்தை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது லட்சக்கணக்கில் பெறும்.

ட்ரிபிள்ஸ் போனால்? போலீஸ் ஃபைன் போடட்டும், அது வேறு. 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: மூணு பேர் உட்கார்ந்ததாலேயே தப்பில் பங்கு ஆகிவிடாது, விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருக்க வேண்டும். அந்த பைக்கைக் கார் பின்னாலிருந்து இடித்திருந்தது.

பின் சீட்டில் வந்த மனைவிக்கு இந்தக் கழித்தலே கிடையாது. ஓட்டியவர் தப்பு ஓட்டியவரோடு. இரண்டு வண்டி மேலும் தப்பு என்றால், யாராவது ஒருத்தரிடமே முழுசாக வாங்கிக்கொள்ளலாம் என்று 2015 தீர்ப்பு. "மெதுவாப் போங்க"ன்னு அவர் சொன்னாரா இல்லையா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

பேஜாரான கேஸ் ஒன்று பாக்கி. ரோட்டில் காயப்போட்ட நெல்லில் தானாகவே சறுக்கி விழுகிற கேஸ். இடித்த வண்டி இல்லை, எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸும் இல்லை. நெல்லுக்காரரோ ஈரப்பதம் 17-க்கு மேல் என்று மூட்டையைத் திருப்பிவிடுவார்களே என்ற கவலையில் இருக்கிறவர். அவர் மேல் கேஸ் போட்டு என்ன தேறும்? சொந்த பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்புதான் கதி. பிரீமியத்தில் நாலு காசு மிச்சம் பிடிக்க ஏஜென்டிடம் முதலில் அதைத்தானே வெட்டச் சொன்னீர்கள்?