சின்னத் திருத்தம்... பெரிய உதவி!



கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்கும் பிள்ளைகள் இப்போது சிற்றூர்களிலும் பெருகிவிட்டார்கள். கொஞ்சம் கற்றதும், 'ஓப்பன் சோர்ஸ்' எனப்படும் திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றில் சேர வேண்டும் என்ற ஆசை பலருக்கு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால், எதற்காகச் சேர்கிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு மென்பொருள் எந்தக் கட்டளை வரிகளால் ஆனதோ, அதற்கு 'மூலநிரல்' என்று பெயர். பல நிறுவனங்கள் இதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். திறந்த மூல மென்பொருளிலோ யாரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பலகாரத்தோடு அதன் செய்முறையையும் எழுதிக் கொடுப்பது போல!

1991-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ம் தேதி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தாம் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதி வருவதாக அறிவித்தார். பொழுதுபோக்காகச் செய்வதாகத்தான் சொன்னார். அதுதான் லினக்ஸ். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்து அதை வளர்த்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் அதில்தான் இயங்குகின்றன. சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுதானே!

ஆனால், துளி நல்ல நீராக இருக்க வேண்டும் அல்லவா?

2020 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்று ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு என்று அந்த ஆண்டு அறிவித்திருந்தார்கள். அவ்வளவுதான்! விளக்கக் குறிப்பில் 'அருமையான திட்டம்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்து, அதையே திருத்தம் என்று பலர் அனுப்பினார்கள். நம் நாட்டு மாணவர்களும் அதில் இருந்தார்கள். இந்தத் திட்டங்களைக் கவனித்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வந்து குவிந்த ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நிராகரிப்பதிலேயே அவர்களுடைய நேரம் போயிற்று. சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள். 'எங்களுக்குச் சம்மதம்' என்று சொன்ன திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள்.

'பரிசு இல்லாவிட்டால் யார் சார் வருவார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரிசு தவறே அல்ல. 2010 முதல் 2019 வரை 'கூகுள் கோட்-இன்' என்ற போட்டி நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதிலும் பரிசு உண்டு. ஆனால், அங்கே ஒவ்வொரு வேலையையும் திட்டத்தில் இருப்பவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். முடித்ததும் அவர்களே சரிபார்த்தார்கள். அதனால் திட்டத்துக்கும் பலன் கிடைத்தது, பிள்ளையும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஆகவே, பார்க்க வேண்டியது பரிசு உண்டா, இல்லையா என்பதை அல்ல. நாம் செய்த வேலையால் யாருக்காவது பயன் உண்டா என்பதைத்தான்!

சரி, எப்படித் தொடங்குவது? நீங்களே பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் நிறை, குறை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உதாரணமாக, 'டக்ஸ் பெயின்ட்' என்ற ஓவிய மென்பொருள். பில் கெண்ட்ரிக் என்பவர் குழந்தைகளுக்காகத் தொடங்கி, 2002-ல் வெளிவந்தது. இதில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். படம் வரைகிறவர், மொழிபெயர்ப்பவர், பயன்படுத்திப் பார்த்துப் பிழை சொல்பவர் என எல்லோருக்கும் இடம் உண்டு.

சேர்ந்த முதல் நாளே எதையும் மாற்றிவிடாதீர்கள். திட்டத்தோடு இருக்கும் விளக்கக் குறிப்பையும், பங்களிப்பவர்களுக்கான விதிகளையும் முழுவதும் படியுங்கள். பிறகு மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரில் இயக்கிப் பாருங்கள்.

பிழை கண்ணில் பட்டால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அவர் என்ன மருந்து தருவார்? நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, மென்பொருளின் எத்தனையாவது பதிப்பு - இந்த நான்கையும் எழுதுங்கள். அதே பிழையை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள்.

திருத்தம் அனுப்பினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அனுப்புங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏ.ஐ. எழுதித் தந்ததைப் புரியாமல் அப்படியே அனுப்பவே கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே?

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் திருத்தம் உடனே ஏற்கப்படாமல் போகலாம். 'இதை இப்படி மாற்றி அனுப்பு' என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுவார்கள். வாடிவிடாதீர்கள்! லினக்ஸில் அனுபவசாலிகளே இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று திருத்தி அனுப்புவது வழக்கம். நோட்டில் ஆசிரியர் போடும் சிவப்பு மை உங்களை அவமானப்படுத்த அல்ல. அடுத்த முறை சரியாக எழுத வைக்கத்தான். இதுவும் அப்படியே.

பெற்றோருக்குத் தெரியாமல் இதில் இறங்க வேண்டாம். இத்தகைய திட்டங்கள் பல இடம்பெற்றுள்ள 'கிட்ஹப்' தளத்தில் கணக்கு தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். வீட்டு முகவரி, போன் நம்பர், பள்ளியின் பெயர் எதையும் பொதுவில் எழுதாதீர்கள்.

டி-ஷர்ட் நாலு வருடத்தில் கிழிந்துவிடும். நீங்கள் சரிசெய்த ஒரு பிழையால், முகம் தெரியாத ஒரு குழந்தை எங்கோ தடங்கல் இல்லாமல் படம் வரைந்துகொண்டிருக்கும். அதைவிடப் பெரிய பரிசு உண்டா? இந்த விடுமுறையில் ஒரே ஒரு உண்மையான பிழையைத் தேடிப் பிடியுங்கள், செல்வங்களே!