மொய்க் கணக்கும் பாமினி எழுத்தும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வீடுகளிலும் கடைகளிலும் பழைய கணினியை மாற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது. பென்டிரைவில் எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதியதில் போட்டுவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழில் தட்டிய பழைய எக்செல் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது போதாது.

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் தாய்மாமா வீட்டு மொய்க் கணக்கு எக்செல்லில்தான் இருக்கிறது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று வீட்டு விசேஷங்களுக்கு வந்த செய்முறை முழுவதையும் டி.டி.பி. சென்டரில் கொடுத்து ஏற்றி வைத்தார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மொய் என்பது அன்பளிப்பு மட்டுமல்ல. இன்று ஒருவரிடம் வாங்கியதை நாளை அவர் வீட்டு விசேஷத்தில் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒருவருக்குச் செய்யத் தவறினால் அந்த உறவே முறிந்துபோகும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் தகப்பன் பெயர், தெரு, பட்டப்பெயர் எல்லாம் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்த ஒட்டு இல்லாவிட்டால் யார் என்றே சொல்ல முடியாது.

புதிய மடிக்கணினியில் கோப்பு சிக்கலில்லாமல் திறந்தது. வரிசைகள் இருந்தன, கூட்டுத்தொகை சரியாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். “மாப்ளே, எவ்வளவு வந்துச்சுன்னு இருக்கு. யாரு செஞ்சாங்கன்னு இல்லையே” என்றார் மாமா. கணினி விற்ற கடைக்காரர், கோப்பு கெட்டுவிட்டது, புதிதாக அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அது தவறான ஆலோசனை. கோப்பு கெடவே இல்லை.

நடந்தது இதுதான். அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடும். எண்களுக்கு இந்தக் கதி இல்லை என்பதால்தான் தொகை மட்டும் பிழைத்தது.

இதைவிட வருத்தமான விஷயம், ஆளுக்கொரு குறியீடாக இருந்தது. பாமினி ஒரு விதம், வானவில் இன்னொரு விதம், ஸ்ரீலிபி வேறொரு விதம். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியதை அடுத்து, டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துரு வந்தது. 2010-இல் ஒருங்குறியை அரசும் தரமாக அறிவித்தது. ஆனாலும் அச்சு வேலைக்கு எல்லோரும் நம்பியிருந்த பேஜ்மேக்கர் ஒருங்குறித் தமிழை ஏற்கவில்லை. டி.டி.பி. சென்டர்கள் பழைய எழுத்துருவிலேயே நின்றதற்கு அது பெரிய காரணம். தட்டச்சுக்காரர்களை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கையில் கிடைத்த கருவி அதுதான்.

மாமாவின் நல்ல நேரம், பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. அதில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவியதும் பெயர்கள் திரும்பிவிட்டன. எந்த எழுத்துரு என்று தெரியாதவர்கள், பெயர் உள்ள கட்டத்தில் சொடுக்கி மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். நிறுவாத எழுத்துருவின் பெயரையும் எக்செல் அங்கே காட்டும்.

அதோடு நிறுத்தக் கூடாது. அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பினால் அவர் கைபேசியில் மறுபடி குப்பையாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றுவதுதான் நிலையான வழி. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். முழுத் தாளையும் மொத்தமாக மாற்றியில் கொடுத்தால், இனிஷியல், வங்கிப் பெயர் என்று உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்தவையும் பொருளில்லாத தமிழாகிவிடும். தமிழ் உள்ள பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்ற வேண்டும். இன்னொன்று, சூத்திரங்கள். ஊர்வாரியாகக் கூட்டும் சூத்திரத்துக்குள் ஊர்ப்பெயர் பழைய குறியீட்டில் உட்கார்ந்திருக்கும். பத்தியை மாற்றிவிட்டுச் சூத்திரத்தை அப்படியே விட்டால் கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வரும். பிழைச் செய்திகூட வராது. மாமாவின் கோப்பில் நேரம் பிடித்த வேலை இதுதான்.

சி.எஸ்.வி. ஆகச் சேமிப்பதாக இருந்தால் யு.டி.எஃப்-8 என்று போட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் ஒருங்குறித் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. பழைய கணினியின் டி டிரைவில் இருந்த வேறொரு கோப்பிலிருந்து தொகை எடுத்திருந்தால், அந்த இணைப்பு அறுந்து கடைசியாகப் பதிந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மடிக்கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் நாளும் மாதமும் இடம் மாறித் தெரியும்; இந்தியா என்று மாற்றிவிடுங்கள்.

கோப்பின் வகையையும் பாருங்கள். பழைய எக்ஸ்.எல்.எஸ். வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். 2007-இல் வந்த எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். 10,48,576 வரை தாங்கும். நம் வீட்டுக் கணக்குக்கு அந்த வரம்பு எட்டாத தூரம்தான். ஆனால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அதே பழைய வகையை வைத்திருந்ததால், 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போவதும் தாமதமானது.

சங்கத்துச் சந்தாப் பட்டியல், கோயில் வரிக் கணக்கு, ரேஷன் கடைப் பழைய பதிவு, பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியல் என்று இப்படி எத்தனையோ கோப்புகள் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. தட்டிக் கொடுத்த டி.டி.பி. சென்டர்கள் பல இன்று ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன. சில மூடியே விட்டன. உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எழுத்துருக்களை எடுத்து வையுங்கள். மாற்றிய கோப்பைப் புதிய கணினியில் திறந்து, மொத்தத் தொகையையும் பத்து இருபது பெயர்களையும் பழைய திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்க்காரர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.