மறைந்த சிற்றுண்டிச் சாலைகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் கோயில்களையும் துறைமுகத்தையும் முதலிற் கூறுவர். நியாயஸ்தலங்களையும் கலாசாலைகளையும் அடுத்துக் கூறுவர். அந்நகரத்து மக்கள் எங்கே அமர்ந்து காப்பி அருந்தினர் என்பதைக் கூறுவார் அரியர். ஆயினும், அங்கே பிறந்து வளர்ந்து வேற்றூரில் முதுமை எய்திய ஒருவரை அணுகி, ‘உமது ஊரை நினைத்தால் உமக்கு முதலில் தோன்றுவது யாது?’ என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஹோட்டலின் பெயரே விடையாக வரும். நம் சென்னை மாநகரம் இதற்கு விலக்கன்று. பழைய மாணவர் ஒருங்கு கூடும் நாட்களில் பேச்சு ஆசிரியர்களைப் பற்றித் தொடங்கி, விடுதிச் சாப்பாட்டுக்கு இறங்கி, முடிவில் இன்று இல்லாத சிற்றுண்டிச் சாலைகளிற் சென்று நிற்கும். ‘அந்தச் சாம்பாரின் மணம் இனி ஏது?’ என்பது அப்பேச்சின் பல்லவி. அப்பல்லவியை யானும் பாடியதுண்டு. எனினும் அதிற் பாதி மெய்யும் பாதி மயக்கமும் உள என்பது என் கருத்து. இரண்டையும் கூடிய அளவு பிரித்துக் காணுதலே ஈண்டு என் நோக்கம்.

ஹோட்டல் என்னும் சொல் நம் நகரத்திற்கு ஐரோப்பியரோடு வந்தது. மவுண்ட் ரோட்டில் கார்சிகாத் தீவினராகிய டி ஏஞ்சலிஸ் என்பார் நடத்திய ஹோட்டல் அக்காலத்துத் துரைமார்க்குப் பேர்பெற்ற இடம். சமையற் கலையில் வல்ல அம்மனிதர் வானவூர்தியிலும் மனத்தைச் செலுத்தி, 1910-இல் விமானம் ஒன்று செய்வித்து நம் தாம்பரத்துக்கு அண்மையதாகிய பல்லாவரத்தில் அதனைப் பறக்கச் செய்தார். இது நம் கல்லூரியார் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஆயின் அவருடைய பந்தியில் நம்மவர்க்கு இடம் இருந்ததில்லை. நம்மவர்க்கு என எழுந்தது காப்பி கிளப்பு.

அதனைக் கிளப்பு என்று ஏன் அழைத்தனரோ! சந்தா இல்லை, அங்கத்தினர் பட்டியல் இல்லை. பளிங்குக்கல் பதித்த மேசை, மர நாற்காலி, சுவரில் நிலைக்கண்ணாடி, வாயிலருகே கல்லா, கல்லாவுக்கு மேலே மாலை சூட்டிய சுவாமி படம்: இவ்வளவே அதன் அலங்காரம். பரிமாறுபவர் அன்றைய பண்டங்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். உண்டு எழுந்தவருடைய கணக்கை அங்கிருந்தபடியே கல்லாவில் இருப்பவர்க்கு உரத்துக் கூறுவார். சீட்டெழுதாமல் நடந்த அக்கணக்கிற் பிழை அரிது. நான்கு மேசைகளில் பதினாறு பேர் உண்ட இட்டலியையும் வடையையும் ஒருவர் தம் மனத்திலேயே வைத்திருந்தார் எனின், அவரைப் பள்ளியிற் சேர்த்திருந்தால் எந்தத் தேர்வில் தவறியிருப்பார் என்று நான் எண்ணியதுண்டு.

இத்தொழிலை நம் நகரத்தில் உயர்த்தியவர்கள் உடுப்பிப் பகுதியினின்று வந்தோர். அங்குள்ள கிருஷ்ணன் கோயிலைச் சூழ்ந்த மடங்களின் அடுக்களைகளிற் பயின்ற சமையல் அவர்களோடு ரயிலேறி வந்தது. அவருள் தலையாயவர் கே. கிருஷ்ணராவ். சமையற்கட்டில் எளிய வேலையாளாகத் தொடங்கிய அவர், 1938-இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசர்க்குரிய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கினார். அம்மாளிகையின் பெயராகிய உட்லண்ட்ஸ் என்பதே பின்னர் ஒரு குலப்பெயர் போல் ஊரெங்கும் பரவிற்று. அவ்வழியினரான மற்றொரு குடும்பத்தார் 1954-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் ஹோட்டலை எழுப்பினர். அதன் ஐஸ்கிரீமை உண்பதற்கென்றே குழந்தைகள் பரீட்சையில் தேறுவதாக வாக்களித்தனர். இன்று அக்கட்டடம் இல்லை.

நம் கல்லூரி பாரிமுனைக்கருகே இருந்த காலத்தில், வகுப்பறைக்கும் காப்பி கிளப்புக்கும் இடையே ஒரு தெருவே தூரம். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1931-இல், கடற்கரையினின்று தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டமையால், மாணாக்கர்க்கும் பட்டணத்துச் சிற்றுண்டிக்கும் உள்ள உறவு அறுந்து போகவில்லை. ஆயின் நடந்து சென்று அருந்திய காப்பிக்கும் சீட்டு வாங்கி ரயிலேறிச் சென்று அருந்தும் காப்பிக்கும் வேற்றுமை உண்டு. பின்னது ஒரு யாத்திரை. யாத்திரை சென்றவன் உடனே திரும்பான், நெடுநேரம் அங்கே அமர விரும்புவான்.

அவ்வாறு அமர இடங்கொடுத்தவற்றுள் முதன்மையானது கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1835-இல் தோன்றிய தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், பெருமரங்களின் நிழலில், 1962-இல் கிருஷ்ணராவ் அதனை அமைத்தார். காரினின்று இறங்காமலே உண்ணலாம் என்பது அதன் புதுமை. காரின் கண்ணாடிக் கதவில் ஒரு தட்டினை மாட்டி, அதிலே தோசையையும் காப்பியையும் கொண்டுவந்து வைப்பர். ஆயின் அதனை வாழவைத்தவர் கார் உடையோர் மட்டும் அல்லர். மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியோரும், பஸ்ஸில் வந்து நடந்து உள்ளே புகுந்தோருமே அங்கு மிகுதி. மருந்துக் கம்பெனிகளின் விற்பனையாளர் தம் கைப்பெட்டியை மடிமேல் வைத்து அன்றைய கணக்கை எழுதுவர். சினிமாவுக்குக் கதை சொல்ல வந்தோர் அடுத்த மேசையில் அழுது காட்டுவர். மாணாக்கர் நால்வர் இரண்டு காப்பியை நான்காக்கி ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பர். எழுந்திருங்கள் என்று எவரும் கூறார். வேறு என்ன வேண்டும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து வினவும் வழக்கமும் இல்லை. பெண் மக்கள் தோழியரோடு வந்து அச்சமின்றி அமர்ந்து பேசிய பொது இடங்களுள் அதுவும் ஒன்று. பழைய கிளப்புகளில் அவர்க்கென இருந்தது ‘பேமிலி ரூம்’ எனப்பட்ட திரையிட்ட அறையே. அதிலும் ஆடவர் துணையின்றிப் புகுந்தோர் மிகச் சிலர்.

நிலத்தைப் பற்றி நெடுங்காலம் வழக்கு நடந்தது. முடிவில் அரசாங்கம் அதனை மீட்டுக்கொள்ள, 2008-இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. அந்நிலத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. இதனைப் பற்றி என் நண்பர் பலர் சினந்து பேசுவர். நான் அவர்களோடு முழுதும் உடன்படேன். பொது நிலத்திற் பொதுப் பூங்கா எழுவது குற்றமன்று. மரங்கள் வெட்டுண்டு அங்காடிக் கட்டடம் எழுந்திருந்தாலன்றோ குற்றம். எனினும் பூங்காவில் ஒருவன் உலாவலாம், மலர்களைக் காணலாம். எதிரே ஒருவனை அமர்த்தி மூன்று மணி நேரம் வாதிடுவதற்கு ஒரு மேசை வேண்டும். அந்த மேசைக்கு ஈடாக ஒன்றும் அளிக்கப்படவில்லை என்பதே என் குறை.

இனி, மயக்கம் என்று மேலே கூறியதற்கு வருவேன். கிளப்பு என்னும் பெயரில் ஓர் உண்மை மறைந்திருந்தது. அங்கத்தினர் பட்டியல் இல்லையாயினும் அங்கத்தினர் அல்லாதார் இருந்தனர். பிராமணர்க்கு மட்டும் என எழுதிய பலகை பல வாயில்களில் தொங்கிற்று. வேறு சிலவற்றில் ஒரே அடுக்களையின் பண்டத்தை இருவேறு அறைகளில் இருவேறு சாதியார்க்குப் பரிமாறினர். ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இவ்வேற்றுமை நிலவிற்று, பெரியார் ஈ. வெ. ராமசாமி முதலானோர் எதிர்த்துப் போராடிய பின்னர் 1941-இல் அது நீங்கிற்று. தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோர்க்கோ, எந்த அறை என்னும் கேள்வியே எழவில்லை. அவர்க்கு வாயிலே இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி முதலிய காரணத்தால் கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் எவரையும் தடுத்தல் ஆகாது என்று கூறுகின்றது. ஒரு தேசத்தின் தலைமைச் சட்டம் ஹோட்டலைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது என்றால், அங்கே நடந்தது சிறு குற்றம் அன்று. அதன் பின்னரும், 1957-இல் திருவல்லிக்கேணிச் சிற்றுண்டிச் சாலை ஒன்றின் பெயர்ப்பலகையினின்று பிராமணாள் என்னும் சொல்லை அகற்றுவதற்காகத் திராவிடர் கழகத்தார் பல மாதம் மறியல் செய்து சிறை செல்ல வேண்டியிருந்தது. விடுதியில் ஒரே பந்தியில் உண்டு பழகிய இற்றை மாணாக்கர் இவற்றை அறிதல் வேண்டும்.

‘அந்நாளில் அங்கே எத்தனை இன்பம்!’ என்று ஒருவர் கூறும்போது, அவர் பாட்டனார் உள்ளே இருந்தவரா வெளியே நின்றவரா என்பதைப் பொறுத்தே அவ்வாக்கியத்தின் பொருள் அமையும். என் வகுப்புத் தோழர் ஒருவர் இத்தகைய பேச்சு எழுந்தால் புன்னகை செய்து வாளா இருப்பார். நெடுநாள் கழித்தே ஒருமுறை, “எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை” என்றார். அவ்வளவே கூறினார்.

நாம் இரங்கும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தாலும் இது விளங்கும். பெரும்பாலும் அவை உடுப்பி முறைச் சைவ ஹோட்டல்களே. மூலைக்கு மூலை இருந்த இரானித் தேநீர்க் கடைகளும், முஸ்லிம்கள் நடத்திய பிரியாணிக் கடைகளும், மிலிட்டரி ஹோட்டல்களும் அப்பட்டியலில் அருகியே காணப்படும். விடியற்காலையில் தெருவோரம் அடுப்பை மூட்டி ஆப்பமும் இட்டலியும் விற்ற கிழவியர்க்குப் பெயர்ப்பலகையே இல்லை. ஆதலின் அவர் மறைந்தபோது ஒரு கடை மறைந்ததாக எவரும் எழுதவில்லை. கூலியாட்களும் ரிக்ஷாக்காரரும் வாயார உண்டது அவ்வடுப்பருகே அன்றோ?

சமையற்கட்டின் உட்புறத்தையும் மறத்தல் ஆகாது. நாம் புகழும் அந்த மாவை ஆட்டியவர் யார்? மின்சார ஆட்டுக்கல் 1950-களிற் கோயம்புத்தூரிலே தோன்றிப் பரவும் வரையில், நள்ளிரவில் எழுந்து மனிதர் கையால் ஆட்டினர். மேசை துடைத்தவர் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். இரவில் அம்மேசைகளின் மேலேயே படுத்து உறங்கினர். ஹோட்டல்களிலும் தேநீர்க் கடைகளிலும் பதினான்கு வயது நிரம்பாதாரை வேலைக்கு வைத்தல் 2006 அக்டோபர் முதல்தான் சட்டத்தால் விலக்கப்பட்டது. அன்று காப்பியின் விலை குறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விலை மலிவை மட்டும் நினைந்து பெருமூச்செறிதல் நேர்மையன்று.

அவை ஏன் மறைந்தன? சுவை குன்றியதால் என்பர் சிலர், அது காரணமன்று. இன்றும் சென்னையில் நல்ல இட்டலி கிடைக்கின்றது. 1948-இல் தோன்றிய ரத்னா கபேயும் 1951-இல் தோன்றிய புகாரியும் நின்று நிலவுகின்றன. மெய்யான காரணம் நிலம். பழைய ஹோட்டல்களிற் பல வாடகைக் கட்டடத்தில் நடந்தவை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைத் தாழ்வாக நிறுத்திற்று. அதனால் வாடகை ஈட்டாத கட்டடத்தைப் பேணுவதில் உடையவர்க்கு விருப்பம் குன்றிற்று. கட்டடம் பழுதுற்று இடிக்கப்பட்டால், குடியிருந்த ஹோட்டலுக்கு மீண்டும் அங்கே இடமில்லை. சொந்த நிலம் உடையோர்க்கோ, ஓராண்டு தோசை விற்று வரும் ஆதாயத்தினும் மனையை விற்று வரும் பணம் பன்மடங்கு மிகுந்தது. மக்களும் கல்லூரியிற் பயின்று வேறு தொழில் புகுந்தனர். தந்தையார் கல்லாவில் அமர்ந்து ஈட்டிய பொருளாற் படித்த மகன் அக்கல்லாவில் அமர நாணுதல் நம் கல்விமுறையின் ஒரு குணம் போலும்!

ஆகவே, பழைய கடைகளை மீண்டும் எழுப்புக என்று நான் கூறேன். 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் கட்டடங்களைக் காக்கலாம், காப்பியைக் காவாது. ஆனால் நினைவைக் காக்கலாம். அதுவும் உண்டவர் நினைவை மட்டும் அன்று. நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்து மாணாக்கர் இதனை மேற்கொள்வாராக. பரிமாறியவர், சரக்கு மாஸ்டர், பாத்திரம் துலக்கியவர், கல்லாவில் இருந்தவர், உள்ளே புக இயலாது நின்றவர், திரைக்குப் பின் அமர்ந்து உண்ட மாதர் ஆகிய இவர்களைத் தேடிச் சென்று வினவி எழுதுக. என்ன கூலி, எத்தனை மணி வேலை, எவ்வூரினின்று வந்தார், எங்கே உறங்கினார், முதலாளி எப்படி அழைத்தார், முதன்முதல் எந்த ஆண்டில் எந்த வாயிலுட் புகுந்தார் என்பனவே கேட்க வேண்டியவை. சாம்பாரின் பக்குவத்தையும் இடையிற் கேட்டுக்கொள்ளலாம். அம்முதியோருட் பலர் தம் ஊர்க்குத் திரும்பிவிட்டனர். உடுப்பிக்குப் போய்வர மாணாக்கர்க்கு ஓரிரவு ரயிற் பயணமே. வரும் கோடை விடுமுறையிலேயே இது தொடங்கப்படின், அடுத்த ஆண்டு மலரில் ஆசிரியர் இதற்கெனச் சில பக்கங்களை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும்.