சாஃப்ட்வேர் திறந்திருக்கு... வீடு பூட்டியிருக்கே!

வீட்டுக்காரருக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு இருப்பது நல்லது தான். சீட்டாட்டம், குடி என்று போகாமல், வீட்டோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரையும், வயரையும் நோண்டிக் கொண்டிருக்கிறாரே என்று நிம்மதிப்படும் மனைவிமார்களில் நானும் ஒருத்தி. ஆனால், அந்த வயர் சுவருக்குள் போய், விளக்கு, மோட்டார், கதவு மணி என்று எல்லாவற்றையும் பிடித்துக் கொண்ட பிறகு, அது அவர் ஒருவருடைய பொழுதுபோக்கு மட்டும் அல்ல. வீட்டில் இருக்கிற அத்தனை பேருடைய அன்றாடப் பாடு!

தெரியாத சகோதரிகளுக்காக கொஞ்சம் விளக்கி விடுகிறேன். ராஸ்பெர்ரி பை என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், 2012-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஏ.டி.எம். கார்டு அளவு தான் இருக்கும். அதில், 'ஹோம் அசிஸ்டண்ட்' என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, வீட்டு மின்சாமான்களை எல்லாம் அதோடு இணைத்து விடுகிறார்கள். 2013-ல் ஆரம்பிக்கப்பட்ட இந்த சாஃப்ட்வேருக்கு விலை கிடையாது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்று பெயர்.

இந்தக் கொள்கையின் கதையை இவர் நூறு தடவை சொல்லி, எனக்கே மனப்பாடம் ஆகி விட்டது. அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மேன் என்பவர், ஆபீஸ் பிரின்டரில் அடிக்கடி பேப்பர் சிக்குவதற்கு ஒரு வழி செய்ய நினைத்தாராம். அந்த பிரின்டரின் சாஃப்ட்வேர் எப்படி எழுதப்பட்டது என்பதைத் தர மறுத்து விட்டார்களாம். 'நான் உபயோகிக்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?' என்ற ஆதங்கம் தான், 1983-ல் அவரை 'க்னூ' என்ற திட்டத்தை அறிவிக்க வைத்தது. பிறகு 1991-ல், பின்லாந்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து உலகம் பூராவும் பரவி விட்டது.

கொள்கை நியாயமானது தான். அதற்கு ஒரு உதாரணமும் உண்டு. அமெரிக்காவில், 'ரிவால்வ்' என்று வீட்டு விளக்கு முதலானவற்றை இயக்கும் ஒரு கருவியை, சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கம்பெனியை, 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தி விட்டது. அவ்வளவு தான்... காசு கொடுத்து வாங்கிய கருவி, வெறும் டப்பா ஆகிப் போனது! நம் வீட்டு விளக்கின் குடுமி, எங்கோ இருக்கிற கம்பெனி கையில் இருந்தால் இந்தக் கதி தான். ஹோம் அசிஸ்டண்ட் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுவதால், இன்டர்நெட் போனாலும் பெரும்பாலான வேலை நிற்காது.

எங்கள் வீட்டில் நன்மை இல்லாமல் இல்லை. முழங்கால் வலிக்கார மாமியார், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், சுவரைத் தடவாமல் விளக்கு தானாக எரிகிறது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்று விடுவதால், மாடியில் இருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு ஓட வேண்டியதில்லை. எந்த சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் தெரிகிறது.

இதெல்லாம் சரி. ஆனால், ஆள் அசைவதைப் பார்த்து எரிகிற விளக்கை பூஜை அறையிலும் மாட்டி, சுவரில் இருந்த சுவிட்சை எடுத்து விட்டார் இவர். மாமியார் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்து ஜபம் செய்தால், ஆளே இல்லை என்று நினைத்து விளக்கு அணைந்து விடும். பாவம், 'ஏதோ சகுனம் சரியில்லை' என்று அவருக்கு அன்று முழுதும் மனசு சரியிருக்காது!

இன்னொரு தடவை, சிநேகிதர்களோடு கொல்லிமலைக்கு டென்ட் போட்டுத் தங்கப் போயிருந்தார் இவர். இங்கே கரண்ட் போய்ப் போய் வந்ததில், குட்டிக் கம்ப்யூட்டரின் மெமரி கார்டு பழுதாகி, மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மோட்டாருக்கு இருந்த பழைய சுவிட்சையும், 'இனி எதற்கு' என்று கழற்றி வைத்திருந்தார். போன் செய்தால், மலையில் சிக்னல் இல்லை. ஒருவழியாக லைன் கிடைத்து, 'என்னங்க, மோட்டார் ஓட மாட்டேங்குது' என்றால், 'லேப்டாப்பைத் திற, கறுப்பா ஒரு திரை வரும், நான் சொல்றதை டைப் பண்ணு' என்றார். அதற்குள் லைன் கட். கடைசியில், தெருக்கோடி எலக்ட்ரீஷியன் வந்து வயரை மாற்றிக் கொடுத்த பிறகு தான், மத்தியானச் சமையலே ஆரம்பித்தது.

இதில் என் வருத்தம் என்ன தெரியுமா? டென்ட் போடப் போகும் போது, இதே மனுஷர் இரண்டு டார்ச் எடுத்துப் போகிறார். லைட்டர் இருந்தாலும், நனையாமல் தீப்பெட்டி ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கிறார். போனில் மேப் இருந்தாலும், பேப்பரில் வழி எழுதிக் கொள்கிறார். 'ஒண்ணு போனா இன்னொண்ணு வேணும்' என்று எனக்கே பாடம் நடத்துகிறார். இரண்டு நாள் தங்கும் காட்டுக்கு மாற்று வழி வேண்டும்; வருஷம் பூரா நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாமா?

கேமரா விஷயமும் இருக்கிறது. வாசலில் மாட்டினால் பாதுகாப்பு. ஹாலில், சமையலறையில் மாட்டினால், அது யாருக்குப் பாதுகாப்பு? கேமரா இல்லாவிட்டாலும், எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, கதவு எப்போது திறந்தது என்ற கணக்கெல்லாம் அந்த சாஃப்ட்வேரில் பதிவாகிறது. மனைவி, மருமகள் நடமாட்டத்தை, ஆபீசில் இருந்து ஒருவர் மட்டும் போனில் பார்த்துக் கொண்டிருந்தால், அது வீடா, ஜெயிலா? எது பதிவாகிறது என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், நிறுத்த வேண்டும்.

இந்த ஆர்வம் உள்ள ஆண்களிடம் நான் கேட்பது சில விஷயங்கள் தான். எந்த ஆட்டோமேட்டிக் வைத்தாலும், சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்யட்டும். மோட்டாருக்கு, 'ஆட்டோ - மேனுவல்' என்று மாற்றும் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். அதையும் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். எந்தப் பெட்டி எதற்கு, எதை அணைத்தால் பழையபடி ஓடும், பாஸ்வேர்டு என்ன, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று, தமிழில் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். வெளியூர் போவது மட்டும் அல்ல. உடம்பு முடியாமல் படுத்து விட்டாலோ, நாளைக்கு ஒன்று ஆகி விட்டாலோ, குடும்பம் இருட்டில் நிற்கக் கூடாது.

சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வேன். 'அது அவரு சமாச்சாரம், நமக்கென்ன புரியும்' என்று ஒதுங்காதீர்கள். கிரைண்டரில் இருந்து போனில் பணம் அனுப்புவது வரை, புதுசாக வந்த எதைத்தான் நாம் கற்றுக் கொள்ளவில்லை? பத்தாவது வரை படித்த நான், அந்தக் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துப் போடவும், தினமும் எடுத்து வைக்கும் நகலில் இருந்து திரும்ப ஏற்றவும், இவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக் கொண்டேன். சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால், இது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை.

முகம் தெரியாத யார் வேண்டுமானாலும் பார்த்து, திருத்தி, உபயோகிக்கலாம் என்பது தானே ஓப்பன் சோர்ஸ்? அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில், கட்டின மனைவியையும், பெற்ற தாயையும் முதலில் சேர்த்துக் கொள்ளுங்கள், ஐயா!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்.