முதல் சொனாட்டா எது?

காளையார்கோவிலில் கீபோர்டு கற்றுத்தருகிறேன். பிள்ளைகள் முதலில் கேட்பது பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாதான். அதன் முதல் பகுதி மெல்ல நடக்கும், கை எட்டிவிடும். மூன்றாம் பகுதியின் வேகத்தில் துவண்டுபோகிறார்கள். பாதியில் நின்ற பாடம் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

என் பரிந்துரை, மொசார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் சொனாட்டா, கே. 545. புதிதாகப் பழகுவோருக்கு என்று அவரே தம் பட்டியலில் குறித்துவைத்த படைப்பு. இடக்கை 'ச ப க ப' என்று சுழல, வலக்கை பாடும். கொஞ்ச நேரத்தில் ஸ்வரங்கள் வரிசையாகப் படியேறி இறங்கும். சரளி வரிசை பழகிய பிள்ளைக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. பெரும்பாலும் சங்கராபரண ஸ்வரங்கள்தான்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளை மூன்று பகுதியையும் முழுதாக வாசித்து எழட்டும்.