நாளைக்கென்று விட்ட வழக்கு

எம்மவர் கூடுமிடங்களில் யூதரை உதாரணம் காட்டிப் பேசுவது நெடுநாள் வழக்கம். ஒற்றுமையால் நாடு கண்டவர்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த நாட்டினுள்ளே யூதருக்கும் யூதருக்கும் இடையே நிலவும் பிணக்கை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை.

1947ஆம் ஆண்டில், இஸ்ரேல் உருவாகுமுன்னரே, மதச்சார்பற்றவரான டேவிட் பென் குரியன் முதலிய தலைவர்கள், பழைமைபேணும் மதவாதிகளின் அகுதாத் இஸ்ரேல் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினர். சனிக்கிழமை ஓய்வுநாள், அரச சமையற்கூடங்களில் மதவிதிப்படி உணவு, மதப்பள்ளிகளுக்குத் தன்னுரிமை, திருமண விடயத்தில் மதத்தவர் மனங்கோணாத ஏற்பாடு என்பன அதில் அடங்கின. ஐ.நா. குழுவின் முன் யூதர் ஒரே குரலில் பேசவேண்டும் என்பதே அன்றைய அவசரம். மறு ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம், 1948 ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் அரசியலமைப்பு வரையப்படும் என்றது. முழுமையான அரசியலமைப்பு இன்றுவரை இல்லை. மதக் கட்சிகளின் எதிர்ப்பும் அதற்கொரு காரணம்.

நாசிகளால் ஐரோப்பாவின் வேதக் கல்விக்கூடங்கள் அழிந்திருந்த அக்காலத்தில், சுமார் 400 மாணவருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அது அன்று மனிதாபிமானமே. 1977இல் எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது. காலப்போக்கில் விலக்குப் பெற்றோர் 60,000ஐத் தாண்டினர். 2024 ஜூனில், இவ்விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லையென உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். மதவாதிகள் வீதிக்கு இறங்கினர். வேதம் ஓதுவதே இனத்தைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. 'என் பிள்ளை மட்டும் ஏன் களத்துக்குப் போகவேண்டும்?' என்பது மற்றைய தாயின் கேள்வி. இவ்விரண்டையும் எள்ளி நகையாட எமக்கு மனம் வரவில்லை.

திருமணத்திலும் இதே நிலைதான். 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதரின் மணமும் மணவிலக்கும் மத நீதிமன்றத்தின் கையில் உள்ளன. அங்கு பதிவுத் திருமணம் இல்லை. 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து குடியேறியோரில் பெருந்தொகையினர், பாட்டன் யூதர் என்ற உரிமையில் குடியுரிமை பெற்றவர்கள். ஆயினும் தாய்வழி பார்க்கும் மதச்சட்டம் அவர்களை யூதராக ஏற்பதில்லை. நாட்டுக்காகத் துவக்கு ஏந்தும் இளைஞன், தாலிகட்டுவது போன்ற ஒரு காரியத்துக்குச் சைப்பிரசுக்குக் கப்பலேற வேண்டியிருக்கிறது.

இதை இரு முகாம்களின் சண்டை என்று மட்டும் கொள்வதும் பிழை. மதப்பற்றுடன் படையில் முன்னிற்போரும், கோயிலுக்கும் போய்க் கடற்கரைக்கும் போகும் சாதாரண மக்களும் அங்கு ஏராளம். ஆனால் 1995இல் பிரதமர் ராபினைச் சுட்டுக்கொன்றவன் எதிரியல்ல, மதத்தின் பெயர்சொன்ன ஒரு யூதனே என்பதையும் மறத்தல் ஆகாது.

எதிரியின் முன் ஒன்றாய் நிற்பது வேறு. ஒரே வீட்டில் எப்படி வாழ்வது என்று பேசித் தீர்ப்பது வேறு. யூதர் முதலாவதைச் செய்தனர். இரண்டாவதை நாளைக்கென விட்டனர். அன்றைய கடனை இன்று பேரப்பிள்ளைகள் வட்டியும் முதலுமாகக் கட்டுகின்றனர். அவர்களை இனியும் உதாரணம் காட்டுவோமாயின், இதையும் சேர்த்தே காட்டுவோம்.