முதலாளி இல்லாத தாய்க்குக் குழந்தை இல்லையா?

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி தொழிலாளரைப் பற்றிய நான்கு சட்டத் தொகுப்புகளும் தேசமெங்கும் அமலுக்கு வந்தன. அவற்றின் நன்மை தீமைகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் நடக்கும் வாதத்தில் இன்று நாம் புகப் போவதில்லை. அந்த இரைச்சலில் எவர் காதிலும் விழாமற்போன ஒரு விஷயத்தையே இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். சொந்தத் தொழில் செய்து ஜீவனம் நடத்தும் ஸ்திரீ, தொழிலுக்குப் போகும் நேரத்தில் தன் கைக்குழந்தையை எங்கே விடுவது? அதற்காகும் செலவில் சர்க்கார் பங்கேற்குமா, ஏற்காதா?

இது யாரோ சிலருடைய கேள்வி அன்று. 2023-24-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கெடுப்பின்படி, நமது தேசத்தில் உழைக்கும் ஸ்திரீகளில் நூற்றுக்கு 67 பேர் சொந்தத் தொழிலில் இருப்பவர்கள். குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்போரும் இந்தக் கணக்கில் அடக்கம். ஒழுங்கான சம்பளம் பெறுகிறவர்கள் நூற்றுக்கு 16 பேர்தான். பூக் கட்டி விற்பவள், மீன்கூடை சுமப்பவள், தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள், திண்ணையில் தையல் இயந்திரம் மிதிப்பவள், சொந்த நிலத்தில் களை பறிப்பவள் ஆகிய இவர்களே உழைக்கும் பெண்ணுலகத்தின் பெரும்பகுதி. ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்கும்போது அவர்கள் கண்முன் நிற்பது அந்தப் பதினாறு பேர்தான்.

குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி நமது சட்டங்கள் வாய் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட ஸ்திரீகள் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1966-ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமும் அதே பாதையில் சென்றன. 2017-இல் மகப்பேற்று உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கெல்லாம் இந்தக் கடமை விதிக்கப்பட்டது. இந்தச் சட்டங்களை விழுங்கி எழுந்துள்ள புதிய தொகுப்புகளும் ஐம்பது என்ற எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் உள்ள சூத்திரம் ஒன்றே: முதலில் ஒரு முதலாளி வேண்டும், பிறகுதான் காப்பகம். முதலாளியே இல்லாதவளுக்கு? அவள் குழந்தையைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதிக்கிறது.

இந்த மனப்பான்மை பழையது. 1972-இல் ஸ்ரீமதி எலா பட் அவர்கள் ஆமதாபாத்தில் சொந்தத் தொழில் செய்யும் ஏழை ஸ்திரீகளைத் திரட்டி ‘சேவா’ சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபோது, அதிகாரிகள் தடை சொன்னார்கள். உங்களுக்கு எஜமான் யாரும் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் வைக்கிறீர்கள் என்பதே அவர்களுடைய ஆட்சேபம். சங்கம் என்பது எதிர்ப்பதற்காக மட்டும் அன்று, ஒன்று சேர்வதற்காகவும்தான் என்று அந்த அம்மையார் வாதாடி வெற்றி பெற்றார். அந்தச் சங்கத்தார் பின்னர்த் தங்கள் குழந்தைகளுக்காகக் கூட்டுறவு முறையில் காப்பகங்களையும் நடத்திக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், எஜமான் யார் என்ற அதே கேள்வியைச் சட்டப் புத்தகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பை நமது நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அதன் 114-ஆவது பிரிவு, செல்போன் செயலி வழியாக வேலை பெற்று உணவும் சரக்கும் கொண்டு கொடுப்போர் முதலானவர்களுக்கு மத்திய சர்க்கார் வகுக்கக்கூடிய உதவிகளை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் குழந்தைகள் காப்பகம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சொந்தத் தொழில் செய்வோரையும் உள்ளடக்கிய அமைப்புசாராத் தொழிலாளருக்கான 109-ஆவது பிரிவைப் பாருங்கள். மத்திய சர்க்காருக்கு உரிய வரிசையில் ஆயுள் காப்பு உண்டு, சுகாதாரமும் மகப்பேறும் உண்டு, முதுமைக்குப் பாதுகாப்பு உண்டு, கல்வி உண்டு, காப்பகம் மட்டும் இல்லை! பிறப்பதற்கு உதவி உண்டு. படிப்பதற்கு உதவி உண்டு. பிறந்ததற்கும் பள்ளிக்கூடம் போவதற்கும் இடையில் குழந்தை எங்கே வளரும் என்பதை எவரும் நினைக்கவில்லை போலும்.

நமது மாகாணத்தின் நிலையும் இதுவே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் திட்டத்தில், ஏழைக் கர்ப்பிணிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் ரொக்கமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் கரைந்த பிறகு அவள் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டுமே! மத்திய சர்க்கார் ஊழியரான தாய்க்கு, உத்தியோக காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுமுறை உண்டு. அவருக்கு அது கிடைப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஒரு நாள் கடை மூடினால் மறுநாள் உலை வைக்க முடியாதவளுக்கு அதில் நூறில் ஒரு பங்கும் ஏன் இல்லை என்பதே நமது வருத்தம்.

ஒரு நற்குறியையும் சொல்ல வேண்டும். ‘பால்னா’ என்ற மத்திய சர்க்கார் திட்டம், தாய் எந்த வேலையில் இருந்தாலும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு இடம் உண்டு என்கிறது. தாயின் எஜமானைத் தேடாமல் குழந்தையைப் பார்க்கும் கொள்கை இது, சரியான கொள்கை. ஆனால் காப்பகத்தோடு இணைக்கக் குறித்த அங்கன்வாடிகள் 17,000. தேசத்தில் உள்ள அங்கன்வாடிகளோ ஏறக்குறைய 14 லட்சம். எண்பதில் ஒன்று! இதைத் தொடக்கம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வோம். பரிகாரம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பிற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கும் காப்பகச் செலவுக்கான வரிச் சலுகைச் சீட்டு முதலாளி வழியாகவே வந்துகொண்டிருந்தது. ஆகவே சொந்தத் தொழில் செய்வோர் வெளியே நின்றார்கள். 2017-இல் அந்த முறையை மாற்றத் தொடங்கினார்கள். இப்போது பெற்றோர் காப்பகத்துக்கென ஒரு கணக்கில் 8 பவுன் போட்டால் சர்க்கார் 2 பவுன் சேர்க்கிறது. குழந்தை ஒன்றுக்கு வருஷத்தில் 2,000 பவுன் வரை இவ்வாறு கிடைக்கும். அங்கஹீனமான குழந்தையானால் 4,000 பவுன் வரை. சொந்தத் தொழில் செய்வோருக்கும் இதில் சம உரிமை. வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு உழைத்த அளவு வருமானமாவது வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆனால் தொழில் தொடங்கிய முதல் 12 மாதம் அந்த நிபந்தனையும் இல்லை. ஒரு காலாண்டு வியாபாரம் மந்தமானால் வருஷச் சராசரியைக் காட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் நிலைமையைத் தாங்களே உறுதி கூற வேண்டும்.

அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழைகளுக்கான மற்றொரு உதவித் திட்டத்தில் காப்பகச் செலவில் நூற்றுக்கு 85 பங்கு வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். கையில் இல்லாதவர் எங்கிருந்து கட்டுவது? அன்றியும், தொழில் தொடங்கி ஒரு வருஷம் கழிந்தால், உண்மையில் சம்பாதித்தது எவ்வளவு குறைவானாலும், ஒரு குறிப்பிட்ட தொகை சம்பாதித்ததாகவே பொதுவாகக் கணக்கு வைத்து உதவியைக் குறைக்கிறார்கள். மாதச் சம்பளக்காரனின் சட்டையைச் சொந்தத் தொழில் செய்பவளுக்கு மாட்டினால் இப்படித்தான் ஆகும். ஆகவே அவர்களுடைய முறையை அப்படியே பெயர்த்து நடுவது நமது யோசனை அன்று. முதலாளியின் அத்தாட்சி இல்லாமலே உதவி கொடுக்க முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி, அவ்வளவே.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். வருமானத்துக்கு ருசு ஏது என்பது ஒன்று. 2021-இல் தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ பதிவேட்டில் அமைப்புசாராத் தொழிலாளர் 30 கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் தொழிலைத் தாங்களே அறிவித்துப் பெயர் பதிந்திருக்கிறார்கள். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்க 2014-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் செய்திருக்கிறது. ஓட்டுக் கேட்கப் போகும்போது வீடு வீடாக இவர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த தேசத்தில், உதவி கொடுக்கும்போது மட்டும் ஆள் அகப்படவில்லை என்பது நம்பத்தக்கதா?

பணம் ஏது என்பது மற்றொன்று. இந்தச் செலவு புதிதாகப் பிறக்கப் போவதன்று. இன்றும் ஒருவர் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படும் மூத்த பெண் தன் படிப்பால் கொடுக்கிறாள். வெயிலில் தள்ளுவண்டியின் அடியில் கோணித் தூளியில் கிடக்கும் குழந்தை தன் உடம்பால் கொடுக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பாதி நாள் மட்டும் கடை திறக்கும் தாய் தன் வருமானத்தால் கொடுக்கிறாள். சிறியவர்கள் தலையில் ஏற்றிய இந்தப் பாரத்தைத் தேசம் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே கேட்கிறோம்.

வருமான வரியில் சலுகை கொடுத்தால் போதாதா என்று சிலர் சொல்லக்கூடும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவளுக்கு வரிச் சலுகை எதற்கு?

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, 109-ஆவது பிரிவிலேயே ‘வேறு ஏதேனும் உதவி’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதன்கீழ் மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டால், சொந்தத் தொழில் செய்வோருக்கும் காப்பக உதவி உண்டாகும்; புதுச் சட்டம் வேண்டுவதில்லை. இரண்டாவது, அங்கன்வாடிகளை முழுநாள் காப்பகங்களாக்கும் வேலையை மாகாண சர்க்கார் சந்தையும் மீன் இறங்குதுறையும் உள்ள இடங்களில் முதலில் தொடங்க வேண்டும். விடியுமுன் கடை திறக்கும் இடத்தில் காப்பகமும் விடியுமுன் திறக்க வேண்டும். ஊழியரை முறை மாற்றி அமர்த்தி, அதற்குத் தக்க ஊதியமும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, காப்பகம் எட்டாத ஊர்களில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாரைப் பரிசோதித்துப் பதிவு செய்து, அவருக்குரிய தொகையை மாத முதலிலேயே கொடுக்க வேண்டும். செலவழித்துவிட்டு வந்து கேள் என்று சொல்லக் கூடாது.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. தெரு வியாபாரக் குழுவில் பத்தில் நான்கு இடம் வியாபாரிகளுக்கு உரியது; அதில் மூன்றில் ஒரு பங்கு ஸ்திரீகளுக்கு உரியது. உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா? அந்த ஸ்திரீகள் அதில் பேசுகிறார்களா? கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் தீர்மானம் போடுகிறவர்கள், தொட்டிலுக்கு ஒரு தீர்மானம் போட்டதுண்டா? இவர்கள் கொடி பிடித்து வரமாட்டார்கள். வந்தால் அன்றையச் சோறு போய்விடும். அவர்களுக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு மனு எழுதிக் கொடுப்பது, நூறு மேடைகளில் தாய்மையைப் புகழ்வதைவிடச் சிறந்த தேசத் தொண்டு என்பது நமது அபிப்பிராயம். தாய்க்கு எஜமான் உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் குழந்தை உண்டா என்று சர்க்காரைக் கேட்கச் செய்வோமாக.